கறுப்பாகத் தெரிவதெல்லாம் கறுப்புச் சேலை இல்லை

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சும்மா ஆசைக்குப் பழைய காலத்து உடுப்புகளைத் தேடிப் பார்த்து, தைத்து, கட்டிப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. இந்த முறை 1900 அளவில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்த ஒரு பெண்ணின் உடுப்பை முழுதாகச் செய்ய நினைக்கிறேன். கையில் இருப்பது பழைய தபாலட்டைப் படங்களின் பிரதிகள்தான். அவற்றில் கறுப்புச் சேலையும் கழுத்து நிறைய நகையுமாக நிற்கிறார்கள். அதை அப்படியே செய்யலாமா அக்கா?
வாசகி, ஹட்டன்

பதில்: வேண்டாம் தங்கச்சி. முதலில் அந்தக் கறுப்பை விடுங்கள். படம் பதிகிற அந்தக் காலத்துக் கமராத் தட்டுகளுக்குச் சிவப்பு தெரியாது, நீலம் வெளிறி விழும், சிவப்பு கறுத்துப் போகும். எல்லா நிறத்தையும் உணரும் தட்டு விற்பனைக்கு வந்ததே 1906 இல்தான், அதையும் வந்த உடனே எல்லாப் படக்காரரும் வாங்கிவிடவில்லை. ஆகவே உங்கள் படத்தில் கறுப்பாகத் தெரிகிற சேலை நல்ல சிவப்பாகவோ அரக்காகவோ இருந்திருக்கலாம், வெளிறின சாம்பலாகத் தெரிவது அவுரி நீலமாக இருக்கலாம். கூலிக்கு வந்தவளுக்குச் சிவப்புச் சேலை எப்படிக் கட்டுப்படியாகும் என்று கேட்பீர்கள். ஒல்லாந்தர் காலத்தில் நம் மன்னார்ப் பக்கத்தில் தோண்டி ஏற்றுமதி செய்த சாயவேரில் இருக்கிற அலிசரின் என்ற அதே சிவப்புச் சாயப்பொருளை 1868 இல் ஜெர்மனியில் செயற்கையாகச் செய்யக் கண்டுபிடித்துவிட்டார்கள், அதற்குப் பிறகு சிவப்பு பணக்காரர் நிறமாக இருக்கவில்லை. மதுரைச் சாயக்காரர்களின் சிவப்பு ஊரெல்லாம் பேர்பெற்றது, நம் தோட்டத்து ஆட்களில் பல பேர் அந்தப் பக்கங்களில் இருந்து வந்தவர்கள்தானே. வண்ணம் பூசின தபாலட்டை கிடைத்தால் அதை இன்னும் நம்பாதீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பிறகு ஏற்றின வண்ணம் அது, ஏற்றினவர் அந்தச் சேலையைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நகைக்கு வருவோம். ஸ்கீன், ஸ்கோவன், 1890 இல் தொடங்கின பிளாட்டே என்று பெயர் போன படக் கம்பனிகள் எல்லாம் படம் விற்றது வெள்ளைக்காரருக்கு. வாங்குகிறவருக்கு எது பிடிக்குமோ அதை நிறுத்தி எடுத்தார்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே, பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்து மயானத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையாரின் கல்லறை இருக்கிறது, 1875 இல் இங்கே வந்து 1879 இல் இறந்தவர், உலகமே கொண்டாடுகிற படக்காரி. அவரும் ஆட்களை ஓர் ஓவியத்துக்கு நிறுத்துகிற மாதிரி நிறுத்தித்தான் எடுத்தார். அழகான படங்கள், ஆனால் உடுப்புக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முன் இரண்டு தரம் யோசிக்க வேண்டும். பாம்படமும் அட்டியலும் தண்டையும் பூட்டிக்கொண்டு மழையில் மலை ஏறி யார் கொழுந்து எடுப்பார்கள்? ஒன்றிரண்டு நகை எப்போதும் உடம்பில் இருந்திருக்கும், லயத்துக் காம்பராவில், அந்த வரிசை வீட்டு ஒற்றை அறையில், பூட்டி வைக்க இடம் ஏது. ஆனால் அத்தனையும் ஒரே உடம்பில் என்றால் அது கமராவுக்காக.

அப்போ எதைப் பார்ப்பது? நடுவில் நிற்கிற அழகியை விட்டுவிட்டு ஓரத்தில், பின்னால், பாதி வெட்டுப்பட்டு நிற்கிறவர்களைப் பாருங்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுகிற பிரட்டுக்களத்தில் எடுத்த கூட்டப் படங்கள் தனி ஆள் படங்களைவிட எவ்வளவோ மேல். சேலை கெண்டைக்காலுக்கு ஏறி நிற்கிறதா, தலையில் துணி எப்படி மடிந்திருக்கிறது, கூடைக் கயிறு எந்த இடத்தில் பதிகிறது, இதெல்லாம் அங்கேதான் தெரியும். கால் வெறுங்கால்தான், அதில் சந்தேகம் வேண்டாம். வெறுங்காலோடு நடந்த மண்ணில் இருந்து கொக்கிப்புழு ஏறித்தான் தோட்டத்துச் சனம் இரத்தம் குறைந்து வாடியது, 1916 இல் ரொக்பெல்லர் அமைப்பின் பணத்தில் இங்கே கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கினதும் அதனால்தான். நீங்கள் படத்துக்கு நிற்கும்போது மட்டும் செருப்பைக் கழற்றுங்கள், அட்டை வேறு இருக்கிறது.

துணியைவிடக் கட்டுத்தான் முக்கியம் என்பது என் கட்சி. சரியான நிறம், சரியான கரை எல்லாம் தேடி எடுத்துவிட்டு, அப்புறம் முன்னால் கொசுவம் வைத்து இன்றைய கட்டுக் கட்டினால் எல்லாம் வீண். பின்கொசுவம் வையுங்கள். கொசுவத்தை இடுப்புக்குப் பின்னால் செருகி, மேல் நுனியை விசிறியாக வெளியே மடித்து விட்டு, முந்தானையைச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் இறுக்கிவிட வேண்டும். முன்பக்கம் வழவழவென்று இருந்தால்தான் செடிகளுக்கு நடுவே நுழைய முடியும், முன்னால் கொசுவம் இருந்தால் ஒவ்வொரு வாதிலும் மாட்டும். இன்று கடையில் விற்கிற ஐந்தரை மீட்டர்ச் சேலை இதற்குப் பற்றாது, முந்தானை எட்டாமல் போகும், அதனால் ஒரே மாதிரி இரண்டு துணியை வாங்கி இணைத்து, தையல் கொசுவத்துக்குள் மறையும்படி கட்டுங்கள். மேலே சட்டை இல்லாத படங்களும் இருக்கும், அதற்காக நீங்களும் அப்படி நிற்க வேண்டியதில்லை, முன்னால் முடிச்சுப் போடுகிற தளர்ந்த ரவிக்கை போதும், ஊக்கு வேண்டாம். இடுப்புக்குக் கீழே முன்னால் படங்கு என்கிற முரட்டுத் துணி, செடியின் ஈரமும் குச்சியும் சேலையில் படாமல் இருக்க. தலையில் இருந்து முதுகுக்குக் கறுப்புக் கம்பளி. தோட்டமே கொடுத்துவிட்டுக் கணக்கில் பிடித்துக்கொண்ட கம்பளி அது. மழைக்கும் அதுதான், குளிருக்கும் அதுதான், கூடைக் கயிறு மண்டையை அறுக்காமல் இருக்கவும் அதுதான்.

கட்டத் தெரிந்தவர் வீட்டிலேயே இருப்பார். அப்பாயியிடம் “எப்படிக் கட்டினீங்க” என்று வாயால் கேட்டால் “அதெல்லாம் யாருக்கு ஞாபகம்” என்றுதான் பதில் வரும், துணியைக் கையில் கொடுத்தால் கை தானாகக் கட்டும். பக்கத்தில் ஒருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். ஒன்றை மறக்க வேண்டாம், இன்று 80 வயது அப்பாயி பிறந்தது 1940களில். அவர் கட்டிக் காட்டுவது 1960களின் கட்டு. “உங்க அம்மா எப்படிக் கட்டினாங்க, அப்பாயி?” என்று கேட்டால்தான் நீங்கள் தேடுகிற காலத்துக்குக் கொஞ்சமாவது கிட்டப் போகலாம். நேரம் கிடைத்தால் கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீகொக் தோட்டத்தில், லயக் காம்பராக்களிலேயே வைத்திருக்கிற தொழிலாளர் நூதனசாலைக்குப் போய் வாருங்கள். ஹந்தானைத் தேயிலை நூதனசாலையும் நல்ல இடம்தான், ஆனால் அங்கே இயந்திரம்தான் அதிகம்.

கேள்வி: என் மகள் பழைய தோட்ட உடுப்புத் தைக்கிறாள். என் பாட்டி கஷ்டத்தில் கட்டிய கந்தையை இவள் வேஷமாகக் கட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. நான் சொல்வது பிழையா?
ஒரு தகப்பன், பண்டாரவளை

பதில்: கோபம் நியாயம் அண்ணன். உல்லாசப் பயணிக்குக் கும்பிடு போட வாசலில் ஒரு பிள்ளைக்குக் கூடையை மாட்டி நிறுத்துகிறார்களே, அதைக் கண்டால் எனக்கும் எரியும். ஆனால் உங்கள் மகள் செய்வது அது இல்லையே. பாடசாலை விழாவில் பிள்ளைகள் தொப்பியும் காற்சட்டையுமாகத் துரை வேஷம் போட்டால் கை தட்டுகிறோம், கங்காணியின் கோட்டும் தலைப்பாகையும் கடுக்கனும் போட்டால் சிரிக்கிறோம், பாட்டியின் படங்கு என்றதும் மட்டும் நமக்குக் கூசுகிறது. அந்தக் கூச்சம் யார் கொடுத்தது என்று நீங்களே யோசியுங்கள்.

ஒன்று மட்டும் மகளிடம் சொல்லலாம். உங்கள் பாட்டிக்கு வேலை உடுப்பு மட்டும் இருக்கவில்லை. தீபாவளிக்கு முற்பணம் வாங்கி எடுத்த சேலை இருந்தது, தேருக்கும் காமன் கூத்துக்கும் கட்டிக்கொண்டு போன சேலை இருந்தது. அதையும் செய்யட்டும். கட்டி முடித்ததும் முதலில் லயத்து வாசலில் கிழவிகள் முன்னால் போய் நிற்கட்டும். பிழை இருந்தால் அவர்களே பிடித்து இழுத்துத் திருத்திவிடுவார்கள், அந்த ஏச்சுக்கு நிகரான பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

கேள்வி: புதுத் துணியைப் பழசு மாதிரிக் காட்டத் தேயிலைத் தூளில் ஊற வைக்கலாமா? நிறம் நிற்குமா?
வாசகர், தலவாக்கலை

பதில்: நிற்கும் தம்பி, துணி பருத்தியாக இருந்தால். கடைக்காரர் சொல்வதைக் கேட்காமல் ஓரத்தில் நாலு நூல் உருவி நெருப்புக் காட்டிப் பாருங்கள். கடதாசி எரிகிற மணத்தோடு மெல்லிய சாம்பல் ஆனால் பருத்தி, உருகிக் கெட்டியாக மணி பிடித்தால் பொலியெஸ்டர், அது 1941 இல்தான் பிறந்தது, பழைய காலத்து உடுப்புக்கு ஆகாது. மயிர் கருகுகிற நாற்றம் வந்தால் கம்பளி.

புதுத் துணியில் கஞ்சி இருக்கும், சவர்க்காரம் போட்டுக் கொதிக்க வைத்து அதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். மலிவான தூள் போதும். வடித்த சாயத்தில் ஊற வைத்து அடிக்கடி புரட்டுங்கள், மஞ்சளோடிய மண்ணிறம் வரும். சாம்பல் நிறம் வேண்டுமென்றால் துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் சில நாள் போட்டு வைத்து, அந்தத் தண்ணீரில் கொஞ்சம் வேறொரு வாளியில் கலந்து, தேயிலையில் ஊறின துணியை அதில் முக்குங்கள். தேயிலையில் இருக்கிற தனின் என்கிற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து கண் முன்னாலேயே கறுக்கும். இரும்பு கூடினால் துணி காலப்போக்கில் இற்றுப்போகும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக. வீட்டில் உண்மையான பழைய சேலை இருந்தால் அதை மட்டும் தொடாதீர்கள். அந்த வாளியையும் அம்மா துணி துவைக்கிற பக்கம் கொண்டுபோக வேண்டாம், வெள்ளைத் துணியில் ஒரு துளி பட்டாலும் உங்களை யாராலும் காப்பாற்ற முடியாது.