உழாத நிலத்தை எடுத்துக்கிட்ட காலம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரெண்டாம் உலக யுத்தத்தப்ப இங்கிலாந்துல ஒழுங்கா பயிர் வைக்காத விவசாயிங்ககிட்ட இருந்து அரசாங்கமே நிலத்தை எடுத்துக்கிச்சாமே, நெஜமா? எங்க ஏரிக்குக் கீழயே எவ்ளோ நிலம் பிளாட் போட்டுக்கலாம்னு தரிசா கெடக்கு, அதைப் பாக்கறப்ப நமக்கும் அப்படி ஒரு சட்டம் வந்தா தேவலாம்னு தோணுது.
– பாகூர் வாசகர்

பதில்: நெஜம்தாங்க. ஆனா நடந்ததை முழுசா கேட்டுட்டு அந்தச் சட்டம் வேணுமான்னு நீங்களே சொல்லுங்க.

யுத்தம் ஆரம்பிச்சது 1939 செப்டம்பர் 3. அந்த நாட்டு ஜனங்க சாப்பிட்டதுல பாதிக்கு மேல அப்ப கப்பல்ல வந்து இறங்குனதுதான், ரொட்டிக்கு கோதுமையும் சரி மாட்டுக்குத் தீவனமும் சரி. ஜெர்மன்காரன் நீர்மூழ்கியை வச்சு கப்பலை அடிச்சான்னா ஊரே பட்டினின்னு அவங்களுக்கு நல்லா தெரியும், ஏன்னா முதல் யுத்தத்துலயே பட்டிருக்காங்க. அதனால சண்டை வர்றதுக்கு முன்னாடியே, 1939 மே மாசமே, பழைய புல்லுத் தரையை உழுது பயிர் வச்சா ஏக்கருக்கு 2 பவுண்டு தர்றோம்னு சொல்லிட்டாங்க.

அவ்ளோ நிலம் ஏன் புல்லா கெடந்துச்சுன்னு கேப்பீங்க. சோம்பேறித்தனம்லாம் இல்ல. 1870-களுக்கு அப்புறம் அமெரிக்கா கோதுமை சல்லிசா வந்து கொட்டுச்சு, உழுதவனுக்கு கட்டுப்படி ஆகல, வயலைப் புல்லுக்கு விட்டுட்டு பால் மாட்டுப் பக்கம் போயிட்டாங்க. முதல் யுத்தத்தப்ப 1917-ல தானியத்துக்கு ஆதார விலைன்னு சட்டம் போட்டு உழ வச்சாங்க, யுத்தம் முடிஞ்சு விலை சரிஞ்சதும் 1921-ல அந்தச் சட்டத்தையே ரத்து பண்ணிட்டாங்க, நம்பி உழுதவங்க நடுத்தெருவுக்கு வந்தாங்க. 1939-ல திரும்ப வந்து உழுன்னு சொன்னா எவன் உடனே நம்புவான் சொல்லுங்க.

இப்ப நீங்க கேட்ட விஷயம். ஒவ்வொரு கவுன்ட்டிக்கும், அதாவது ஜில்லாவுக்கும், யுத்த விவசாயக் கமிட்டின்னு ஒண்ணு போட்டாங்க, ஜனங்க சுருக்கமா ‘வார் ஆக்’னு சொல்லுவாங்க. எந்த வயலை உழணும், அதுல கோதுமையா உருளைக்கிழங்கா, வாய்க்காலைத் தூர் வாரணுமா, எல்லாம் அவங்க உத்தரவு. கேக்கலைன்னா நிலத்தை எடுத்துக்கலாம், வீட்டை விட்டும் காலி பண்ண வைக்கலாம், அதை எதிர்த்து மேல்முறையீடு போக அப்ப கோர்ட் வழியே கெடையாது. அந்தக் கமிட்டிக்குக் கீழ ஊர் ஊரா பாத்தது யாருன்னா அதே பகுதி விவசாயிங்கதான். யோசிச்சுப் பாருங்க, உங்க வரப்புக்கு அந்தாண்ட இருக்கிறவரு நோட்டு எடுத்துக்கிட்டு வந்து உங்க பயிருக்கு மார்க் போடுவாரு!

நெஜமாவே மார்க் போட்டாங்க. 1941-லேர்ந்து 1943 வரைக்கும் தேசியப் பண்ணை சர்வேன்னு எடுத்தாங்க, 5 ஏக்கரும் அதுக்கு மேலயும் உள்ள பண்ணை கிட்டத்தட்ட 3 லட்சம், ஒண்ணு விடாம போய்ப் பாத்திருக்காங்க. அதைப் பாரிஷ் வாரியா கட்டி வச்சாங்க. பாரிஷ்னா ஒரு சர்ச்சும் அதைச் சேர்ந்த வீடு வயல் எல்லாம் அடங்குன எல்லை, நம்ம வருவாய் கிராமமும் அதோட அடங்கலும் மாதிரின்னு வச்சுக்கங்க. ஆனா அடங்கல்ல பயிரும் பரப்பும்தானே இருக்கும், இதுல கெணறு இருக்கா, கரண்ட் இருக்கா, வேலி எப்படி, முயல் தொல்லை எவ்ளோ, களை எவ்ளோன்னு எல்லாம் எழுதிட்டு கடைசியில அந்த மனுஷனுக்கே ஏ, பி, சின்னு கிரேடு. 58 சதவீதம் ஏ, 37 பி, 5 சி. பி, சி வாங்குனவங்களுக்கு காரணம் எழுதணும், அதுல மூணுதான்: வயசாயிடுச்சு, முதல் இல்ல, இல்லைன்னா ஆள் சரியில்ல. அந்தப் பேப்பரை விவசாயிங்க கண்ணுல காட்டவே இல்ல, 50 வருஷம் மூடி வச்சிருந்து அப்புறம்தான் லண்டன் க்யூவுல இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துல பொதுமக்கள் பாக்கத் திறந்து விட்டாங்க. அதுக்குள்ள அந்தக் கிரேடு வாங்குனவங்கள்ல முக்காவாசிப் பேரு போய்ச் சேந்துட்டாங்க. எனக்கு இது பெரிய அநியாயமா படுது. முதல் இல்லாதவனுக்கு கடன் குடுக்கணும், அதை அவன் பேருக்கு நேரா குறையா எழுதி வைக்கிறது என்ன நியாயம்?

உசுரே போன கதையும் இருக்கு. 1940 ஜூலையில ஹாம்ப்ஷயர்ல ஒரு விவசாயி, சுமார் 60 ஏக்கர் பண்ணை, அதுல 4 ஏக்கரை உழச் சொன்னாங்க. நம்ம கணக்குல மூணு காணி, அவ்ளோதான். அவரு முடியாதுன்னுட்டாரு. பண்ணையை விட்டு வெளிய போன்னு உத்தரவு வந்ததும் கதவை அடைச்சுக்கிட்டு துப்பாக்கியைத் தூக்கிட்டாரு, கடைசியில போலீஸ் சுட்டு செத்துப் போனாரு.

ஆனா இந்த மெரட்டலால மட்டும் சோறு வெளைஞ்சிடல, இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்லணும். வெளைஞ்சதுக்குக் காரணம், வெளையறதை எல்லாம் முன்னாடியே விலை பேசி அரசாங்கமே எடுத்துக்கிச்சு. டிராக்டர் இல்லாதவனுக்கு கமிட்டியே வாடகைக்கு டிராக்டர் அனுப்புச்சு, ஆளும் அனுப்புச்சு, உரத்துக்கு வழி பண்ணுச்சு. வருஷக்கணக்கா புல்லு கெடந்த மண்ணை உழுதா அதுல கம்பிப்புழு ஏகத்துக்கு இருக்கும், மொளைச்சு வர்ற கோதுமையை வேர்லயே கடிச்சுப் போட்டுடும், அதனால பூச்சி ஆராய்ச்சிக்காரங்க வயல் வயலா மண்ணை எடுத்து புழுவை எண்ணி, இதுல கோதுமை வைக்கலாம், இதுல வைக்காத, ஆளி இல்லைன்னா மொச்சை மாதிரி எதாவது போடுன்னு சொல்லி விட்டிருக்காங்க. ஒரு அரசாங்கம் விவசாயி பக்கத்துல வந்து நிக்கிறதுன்னா அதுதாங்க. உழுத நிலம் ஒண்ணரை மடங்காச்சு, கோதுமையும் உருளையும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பரப்பு. யுத்தம் முடிஞ்சப்புறம் 1947-ல புது விவசாயச் சட்டம் போட்டு ஆதார விலையை உறுதி பண்ணாங்க, நிலத் தகராறுக்குன்னு தனி தீர்ப்பாயமும் வச்சாங்க.

பாகூர்ல தரிசு போடுறவங்க எல்லாரும் ரியல் எஸ்டேட் ஆசையில போடல, உங்களுக்கே தெரியும். நடவுக்கு ஆள் கூலி, அறுப்பு மெஷின் வாடகை எல்லாம் போக கையில என்ன நிக்குது? எடுத்துக்கற சட்டத்தை மட்டும் இங்க கொண்டாந்தா முதல்ல மாட்டுறது வயசானவங்களும் முதல் இல்லாதவங்களும்தான், பிளாட்காரங்க இல்ல.

கேள்வி: அந்தக் காலத்துல வெள்ளைக்காரப் பொம்பளைங்க வயல் வேலை செஞ்சாங்கன்னு என் பொண்ணு ஸ்கூல் புக்ல படிச்சுட்டு வந்து சொல்றா. எல்லா வேலையும் செஞ்சாங்களா, சும்மா பேருக்கா?
– பண்ருட்டி வாசகி

பதில்: பேருக்கு இல்லம்மா, இடுப்பு ஒடிய செஞ்சாங்க. பெண்கள் நிலப் படைன்னு பேரு, முதல் யுத்தத்துல இருந்ததை 1939 ஜூன்ல திரும்ப ஆரம்பிச்சாங்க, உச்சத்துல சுமார் 80,000 பேரு. அதுல நெறைய பேரு லண்டன் மாதிரி டவுன்ல கடையிலயோ ஆபீஸ்லயோ மில்லுலயோ இருந்த பொண்ணுங்க, மாட்டை கிட்டப் போய்ப் பாத்ததே இல்ல. பழுப்புக் கால்சட்டை, பச்சை ஸ்வெட்டர், தொப்பி. ஆரம்பத்துல வாரத்துக்கு 28 ஷில்லிங், ஆம்பளைக்கு அதை விட ஜாஸ்தி, அந்த வித்தியாசம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

விடியறதுக்கு முன்னாடி பால் கறக்கணும், கொட்டற குளிர்ல வெறுங்கையால பீட்ரூட் இனத்து சர்க்கரைக் கிழங்கைப் புடுங்கணும், எலி புடிக்கணும். இதுல கதிரடிக்கிற நாளுதான் மோசம்னு பலரும் சொல்லியிருக்காங்க. அடிக்கிற மெஷின் பண்ணை பண்ணையா சுத்தி வரும், கட்டி வச்ச கோதுமைப் போரை மேலேர்ந்து ஒவ்வொரு கட்டா எடுத்து மெஷின் வாயில குடுக்கணும், ஒருத்தி கீழ நின்னு பதரையும் தூசியையும் வாரித் தள்ளிக்கிட்டே இருக்கணும், கண்ணு மூக்கு தொண்டை எல்லாம் சொணை. போர் கொறைய கொறைய உள்ள இருக்கிற எலியெல்லாம் அடிக்கு எறங்கி கடைசிக் கட்டை எடுத்ததும் சிதறி ஓடும், கால்சட்டைக்குள்ள பூந்துடக் கூடாதுன்னு முழங்காலுக்குக் கீழ கயித்தால கட்டிக்குவாங்க. நம்ம களத்துமேட்டுல நெல்லு தூத்துன பொம்பளைங்களுக்கு இது அப்படியே புரியும். உங்க பொண்ணுகிட்ட அவ பாட்டி செஞ்ச வேலையையும் சேத்துச் சொல்லுங்கம்மா, அதுக்கு எந்தப் புக்கும் வரல.

கேள்வி: யுத்தத்தப்ப மல்லாட்டை விலை போகலன்னும் பர்மா அரிசி நின்னு போச்சுன்னும் எங்க தாத்தா சொல்லுவாரு. இங்கிலாந்துல அவ்ளோ பண்ணாங்களே, நமக்கு என்ன பண்ணாங்க?
– கடலூர் முதுநகர் வாசகர்

பதில்: தாத்தா சொன்னது சரி. தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரி வழியா பிரான்ஸ் மர்சேய் துறைமுகத்துக்கு எண்ணெய் ஆட்டப் போய்க்கிட்டு இருந்துச்சு. 1940 ஜூன்ல பிரான்ஸ் ஜெர்மன்காரன்கிட்ட விழுந்துச்சு, அந்த மார்க்கெட் அதோட போச்சு. 1942 மார்ச்சுல ரங்கூன் ஜப்பான் கைக்குப் போனதும் பர்மா அரிசியும் நின்னுச்சு, நம்ம மாகாணம் அதை நம்பித்தான் இருந்துச்சு. அப்புறம் இங்கயும் அதிக உணவு பயிரிடுங்கன்னு இயக்கம் நடத்துனாங்க. ஆனா அங்க மாதிரி வெளையறதை எல்லாம் நிர்ணய விலைக்கு எடுத்துக்கற உறுதியோ வயலுக்கு வர்ற டிராக்டரோ நம்ம விவசாயிக்கு கெடைக்கல. 1943-ல வங்காளத்துல 20-30 லட்சம் பேரு பஞ்சத்துல செத்தாங்க, டெல்லியில இருந்து தானியக் கப்பல் கேட்டதுக்கு லண்டன் கேட்ட அளவு அனுப்பல. அங்கயும் இங்கயும் ஒரே அரசாங்கம், ஒரே யுத்தம். ஒரு ஊர்ல புழுவை எண்ணிப் பாத்தவங்க இன்னொரு ஊர்ல பொணத்தை எண்ணக் கூட வரல, அதை நினைக்க நினைக்க ஆத்திரமா வருது.

கேள்வி: இங்கிலாந்துல ரேஷன் எப்ப ஆரம்பிச்சு எப்ப முடிஞ்சுது?
– வில்லியனூர் வாசகர்

பதில்: 1940 ஜனவரி 8-ல பேக்கன் மாதிரி பதப்படுத்துன பன்றிக்கறி, வெண்ணெய், சர்க்கரைக்கு ஆரம்பிச்சாங்க. ரொட்டிக்கு யுத்தம் நடந்தப்ப ரேஷனே கெடையாது, முடிஞ்சப்புறம் 1946 ஜூலையில போட்டு 1948 வரைக்கும் வச்சிருந்தாங்க. கடைசியா இறைச்சிக்கு எடுத்தது 1954 ஜூலை 4.