47 வயதில் பைக் பழகினால், சின்னப் பையன்களைவிட விபத்து அபாயம் குறைவா?

கேட்டவர் பெங்களூரில் ஆட்டோக்காரர்களோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், 47 வயதில் பைக் பழகப் போகிறாராம். ‘சாகிறவர்கள் பெரும்பாலும் இளவட்டங்கள்தானே, எனக்கென்ன பயம்?’ என்கிறார்.

மத்திய அரசின் 2022 அறிக்கைப்படி சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 66.5 சதவீதம் 18 முதல் 45 வயது. உண்மைதான். ஆனால் நடந்து போனவர், பஸ்ஸில் போனவர் எல்லாரும் அந்தக் கணக்கில் உண்டு; இருசக்கர வண்டியில் போனவர்கள் 44.5 சதவீதம்தான்.

சரி, காலை எட்டரைக்கு சில்க் போர்டு சிக்னலில் நின்று பாருங்கள். ஹெல்மெட்டுக்குள் எத்தனை நரைத்த தலை தெரிகிறது? ரோட்டில் யார் கூட்டம் அதிகமோ, பட்டியலிலும் அவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். நாள் முழுக்க ஓடும் டெலிவரி பையனையும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அல்சூர் மார்க்கெட்டுக்கு வண்டியை எடுக்கும் மாமாவையும் தலைக்கு ஒன்று என்று எண்ணினால் கணக்கு உதைக்கும். ஓடிய கிலோமீட்டரால் வகுக்க வேண்டும்.

லாஸ் ஏஞ்சலஸில் ஹாரி ஹர்ட் என்ற ஆராய்ச்சியாளரின் குழு 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-ல் ஓர் அறிக்கை தந்தது. விழுந்தவர்களோடு நிற்காமல், விபத்து நடந்த அதே இடங்களில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த 2,310 பேரையும் விசாரித்தார்கள். அப்படி ஒப்பிட்டபோதும் 16–24 வயதுக்காரர்கள்தான் அதிகம் விழுந்திருந்தார்கள். 30–50 வயதுக்காரர்கள் குறைவு. ஆக, வயது உங்கள் பக்கம்தான். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. விழுந்தவர்களின் சாலை அனுபவம் சராசரியாகக் கிட்டத்தட்ட மூன்று வருஷம்; இருந்தும் பாதிக்கு மேற்பட்டவர்கள் விழுந்த அந்த வண்டியை ஓட்டியது ஐந்து மாதத்துக்கும் குறைவு.

அந்தப் பாதியில் நானும் ஒருவன். பழைய 100 சிசி வண்டியில் பதினாறு வருஷம் கீறல் இல்லாமல் ஓட்டியவன், 350 சிசி வாங்கிய இரண்டாம் மாதம் பொம்மனஹள்ளி அருகே சர்வீஸ் ரோடு மணலில் சரிந்தேன். பழைய வண்டிக்குப் பழகிய கை, முன் பிரேக்கை அதே அழுத்தத்தில் பிடித்துவிட்டது. அப்போது எனக்கு 42. உடைந்த காலர் எலும்பு ஒட்ட மூன்று மாதம் ஆனது. அதே வாரம் விழுந்த பக்கத்து வீட்டுப் பையன் பத்தே நாளில் காலேஜ் போய்விட்டான்!

உங்களுக்கு வண்டியும் புதுசு, ஓட்டுவதும் புதுசு. ஆறு மாதத்துக்கு லேஅவுட் தெருக்களிலேயே ஓட்டுங்கள். ஹோசூர் ரோடு எங்கும் போய்விடாது.