ஹைப்போ என்றால் 'குறைவு' என்று மனப்பாடம் செய்யாதீர்கள்

'ஹைப்போ, ஹைப்பர் என்று தொடங்கும் சொற்கள் பரீட்சையில் மாறி மாறிப் போகின்றன, நினைவில் வைக்க வழி உண்டா?' என்பது கேள்வி. நீட்டுக்குப் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கையில் இருக்கும் கைடில் 'ஹைப்போ = குறைவு, ஹைப்பர் = அதிகம்' என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். பாதிக் குழப்பம் அந்தக் கட்டத்தில்தான் ஆரம்பிக்கிறது.

கிரேக்கத்தில் ஹைப்போ என்றால் கீழே, அடியில். ஹைப்பர் என்றால் மேலே, மிஞ்சி. குறைவு, அதிகம் என்பவை அதிலிருந்து கிளைத்த பொருள்கள். ஆகவே சொல்லைப் பார்த்ததும் 'எதற்குக் கீழே?' என்று கேளுங்கள். பதில் சொல்லின் பின்பாதியில் இருக்கும். ஹைப்போடெர்மிக் ஊசி தோலுக்கு அடியில் போவது. ஹைப்போதலாமஸ், மூளையின் ஒரு பகுதியான தலாமஸுக்கு அடியில் இருப்பது. 12-ஆவது மூளை நரம்பான ஹைப்போகிளாசல், நாக்குக்கு அடியில் ஓடுவது. இதில் எங்கே குறைவு வந்தது?

நிறையப் பேர் மார்க்கை விடுவது தாவரவியலில். ஹைப்போகைனஸ் மலரில் சூற்பை (பின்னால் காயாகும் பகுதி) மேலேயா, கீழேயா என்று கேட்டால் கை தானாகக் 'கீழே' என்று எழுதும். தப்பு. கைனஸ் என்பது சூலகம், சூற்பை அதன் அடிப்பகுதி. அல்லி, புல்லி, மகரந்தத்தாள் எல்லாம் சூலகத்துக்குக் கீழே ஒட்டியிருக்கின்றன என்பதே பெயரின் பொருள். அப்படியானால் சூற்பை மேலே இருக்கிறது. கத்தரிக்காயை எடுத்துப் பாருங்கள்: பச்சைப் புல்லி காம்புப் பக்கம் இருக்கும், காய் அதற்கு மேல் வளர்ந்திருக்கும். இது ஹைப்போகைனஸ். கொய்யாவில் காய்ந்த புல்லி காம்புக்கு எதிர்முனையில் நிற்கும், ஏனென்றால் அங்கே புல்லி சூற்பைக்கு மேலே. இது எபிகைனஸ்; எபி என்றால் மேலே. இரண்டு காய்களையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் பிறகு மறக்கமாட்டார்.

விதை முளைப்பதிலும் இதே வலை. ஹைப்போகோட்டைல் என்பது வித்திலைக்குக் கீழே உள்ள தண்டு. அது நீண்டால் வித்திலையை மண்ணுக்கு மேலே தூக்கிவிடும். புளி, ஆமணக்கு அப்படித்தான். அந்த முளைப்புக்குப் பெயர் எபிஜியல், 'மண்ணுக்கு மேலே'. ஹைப்போ நீண்டால் எபி. பட்டாணியில் வித்திலைக்கு மேலே உள்ள தண்டான எபிகோட்டைல் நீளும், வித்திலை மண்ணுக்குள்ளேயே தங்கும், அது ஹைப்போஜியல், 'மண்ணுக்குக் கீழே'. ஒரு சொல் வித்திலையிலிருந்து அளக்கிறது, மற்றது தரையிலிருந்து அளக்கிறது. அளவுகோல் மாறியது தெரிந்தால் முரண்பாடு எதுவும் இல்லை.

மருத்துவச் சொற்களில்தான் 'குறைவு' உண்மையிலேயே பொருந்தும்: வழக்கமான அளவுக்குக் கீழே. ஈமியா என்று முடிந்தால் ரத்தத்தில் என்று பொருள். 'நேட்ர்' என்றால் சோடியம், 'கால்' என்றால் பொட்டாசியம், 'கிளைஸ்' என்றால் சர்க்கரை. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போனால் ஹைப்போநட்ரீமியா, பொட்டாசியம் 3.5-க்குக் கீழே போனால் ஹைப்போகலீமியா. ஆனால் தைராய்டு ரிப்போர்ட்டில் மட்டும் ஜாக்கிரதை. டிஎஸ்எச் எகிறியிருப்பதைப் பார்த்து 'ஹைப்பர்' என்று பதறுகிறார்கள். டிஎஸ்எச் என்பது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, 'வேலை செய்' என்று தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு. தைராய்டு மந்தமாக இருந்தால் பிட்யூட்டரி இன்னும் அதிகமாக விரட்டும், எண் ஏறும். பெயர் சுரப்பியின் வேலையைப் பற்றியது, அந்த எண்ணைப் பற்றியது அல்ல. ஆகவே அது ஹைப்போதைராய்டு. (பிட்யூட்டரியே பழுதானால் கதை வேறு என்று டாக்டர்கள் யாரும் சண்டைக்கு வரவேண்டாம், தெரிந்தேதான் விட்டிருக்கிறேன்.)

வேதியியலில் இது ஆக்ஸிஜன் கணக்கு. குளோரைட்டில் இரண்டு ஆக்ஸிஜன், ஹைப்போகுளோரைட்டில் ஒன்று. அவ்வளவே.

இதையெல்லாம் சொல்லிக்கொடுக்காமல் முன்னொட்டு, பின்னொட்டு என்று பக்கம் பக்கமாகப் பட்டியல் அடித்து, பளபளப்பான அட்டை போட்டு, மாணவர்களிடம் காசு பிடுங்குகிறார்கள். அதிலும் மூளையின் ஒரு பகுதியான ஹிப்போகேம்பஸைக் கொண்டுவந்து ஹைப்போ வரிசையில் சேர்த்துவிடுகிறார்கள். அதிலுள்ள ஹிப்போ குதிரை. ஆங்கில எழுத்தைப் பாருங்கள்: ஹைப்போவில் எச்சுக்கு அடுத்து 'ஒய்' வரும், குதிரைக்கு 'ஐ' வரும், அதோடு 'பி' இரண்டு தடவை வரும்.