120 மணி நேரம் என்று போட்டிருந்தால் போதுமா?

வணக்கம் சார். எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டு நான்கு வருடமாக மெட்ரிக் பள்ளியில் இங்கிலீஷ் எடுக்கும் மகள் திடீரென 'செல்டா' படிக்க லோன் கேட்கிறாள், கொடுக்கலாமா என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்கலாம். ஆனால் யாருக்குப் பாடம் எடுக்க ஆசைப்படுகிறாள் என்று முதலில் கேளுங்கள்.

செல்டா, கேம்பிரிட்ஜ் தரும் சான்றிதழ். பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதற்கானது. வெளிநாடுகளில் உள்ள ஆங்கிலப் பயிற்சி மையங்களில் அதற்கு மதிப்பு உண்டு. அரசுப் பள்ளிதான் கனவு என்றால் பி.எட்.டும் டெட், டி.ஆர்.பி. தேர்வுகளும்தான் கணக்கு, செல்டாவை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்புறம், சில ஆயிரம் ரூபாய்க்கு '120 மணி நேர டெஃபல்' (ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்பிக்கும் பயிற்சி) என்று ஆன்லைனில் விளம்பரம் வரும். செல்டாவும் ஏறக்குறைய 120 மணி நேரம்தான். ஆனால் அதில் 6 மணி நேரம் நிஜமான மாணவர்கள் முன்னால் நின்று பாடம் எடுக்க வேண்டும். பயிற்றுநர் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். முடிந்ததும் கூடப் படிப்பவர்கள் முன்னாலேயே அலசுவார். வலிக்கத்தான் செய்யும். என்னைக் கேட்டால், கட்டுகிற பணம் அந்த 6 மணி நேரத்துக்குத்தான்.

அந்த அலசலில் கொஞ்சத்தை செல்டாவில் சேராமலேயே பார்த்துவிடலாம். தன் வகுப்பில் ஒரு பீரியடை போனில் ரெக்கார்ட் செய்யச் சொல்லுங்கள். 40 நிமிடத்தில் தான் எவ்வளவு பேசினோம், பிள்ளைகள் எவ்வளவு பேசினார்கள் என்று அவளே கணக்கெடுக்கட்டும். "புரிஞ்சுதா?" என்றால் வகுப்பே "யெஸ் மிஸ்" என்று கத்தும், ஒன்றும் புரிந்திருக்காது. 'ஐ யூஸ்டு டு லிவ் இன் மதுரை' (முன்பு மதுரையில் இருந்தேன், இப்போது இல்லை) என்று போர்டில் எழுதிவிட்டு, "இவர் இப்போ மதுரையில இருக்காரா?" என்று கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். செல்டாவில் இப்படிக் கேட்கத்தான் திரும்பத் திரும்பப் பழக்குவார்கள்.

செலவு கட்டுப்படியாகாவிட்டால் ஆங்கில ஆசிரியர்களின் கற்பித்தல் அறிவைச் சோதிக்கும் கேம்பிரிட்ஜின் டி.கே.டி. தேர்வு இருக்கிறது. வெறும் எழுத்துத் தேர்வு, வகுப்பெடுக்கும் பயிற்சி கிடையாது. ஹைதராபாத்தில் 1958-இல் ஒரு பயிற்சி நிறுவனமாகத் தொடங்கி, பிறகு பல்கலைக்கழகமான இஃப்லுவில் (ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம்) ஆங்கிலம் கற்பிப்பதற்கான பட்டயப் படிப்புகள் உண்டு. சென்னையில் 1974-இல் பிறந்த எல்டாய் என்ற ஆங்கில ஆசிரியர் சங்கத்தில் சேர்ந்தால், இதே வேலையில் இருப்பவர்களின் பழக்கமாவது கிடைக்கும்.

இன்னொன்று. செல்டாவில் பணம் கட்டிய உடனே இடம் கிடைத்துவிடாது. ஒரு எழுத்துப் பணி தந்து, நேர்காணலும் வைப்பார்கள். அதில் இடம் உறுதியான பிறகு பேங்குக்குப் போங்கள்.