கறுத்த தோசைக்கல் படத்தில் மட்டும் சாம்பல் நிறமாவது ஏன்?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். மாமியார் காலத்துத் தோசைக்கல், பணியாரக்கல், கனமான வார்ப்பிரும்புச் சட்டி மூன்றையும் மேசையில் வைத்துப் படமெடுக்கிறேன். 18-55 லென்ஸ் உள்ள கேமரா. எல்லாம் சாம்பல் பூசியதுபோல் வருகிறது. ஃபிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளைத் திட்டு. ஒருவர் பாலிஷ் போட்டுப் படமும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வார்ப்பிரும்பு மணல் அச்சில் ஊற்றி எடுப்பது. அந்த மணலின் கரகரப்பு கல்லின் முதுகில் இன்னும் இருக்கும். மேல்பக்கம் உங்கள் மாமியார் வருஷக்கணக்கில் எண்ணெய் விட்டுப் பழக்கிய கறுப்பு. படத்தில் வரவேண்டியது இந்த இரண்டும்தான். பாலிஷ்காரர் கிரைண்டிங் டிஸ்க்கை வைத்தால் பத்து நிமிஷத்தில் இரண்டும் போய்விடும். அப்புறம் அதை மறைக்கக் கறுப்பு ஸ்பிரே பெயின்ட் அடிப்பார்கள். அதில் சமைக்கவும் முடியாது. நான் ஒரு பணியாரக்கல்லை இப்படிக் கொடுத்து இழந்திருக்கிறேன், இன்றும் மனசு ஆறவில்லை. வீட்டுக்கே வந்து "இது வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்" என்று புகழ்ந்துவிட்டு, கடைசியில் பழைய இரும்பு விலைக்கு எடைபோட்டுக் கேட்பவர்களும் உண்டு. பாத்திரம் உங்கள் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டாம்.

சரி, சாம்பல் நிறத்துக்கு வருவோம். கேமராவின் மீட்டர், அதாவது உள்ளே வெளிச்சத்தை அளக்கும் கருவி, எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாகக் காட்டத்தான் பார்க்கும். கறுப்பைக் காட்டினால், வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக் கூட்டிவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் +/- பொத்தானை அழுத்தி −1 அல்லது −1.3 வையுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

படமெடுக்கும் முன் தேங்காய் எண்ணெய் தடவுகிறீர்களா? உங்கள் ஊர்க் குளிரில் அது வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்து, கல்லில் வெள்ளைப் படலமாக நிற்கும். நல்லெண்ணெயை ஒரு சொட்டு தொட்டு, துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள்.

ஃபிளாஷை மூடிவையுங்கள். கறுத்த இரும்பில் கேமரா பார்ப்பது பெரும்பாலும் எதிரே இருப்பதன் பிரதிபலிப்பைத்தான். சின்ன ஃபிளாஷ் சின்ன வெள்ளைத் திட்டாகத் தெரியும், பெரிய ஜன்னல் மெல்லிய பளபளப்பாகப் பரவும். பனிமூட்டம் இறங்கிய நாளில் உங்கள் ஜன்னல் முழுக்க வெள்ளைத் திரைபோல் ஆகிவிடும். அதைவிட நல்ல விளக்கு எந்தக் கடையிலும் இல்லை. மூன்று விளக்கு செட் வாங்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். ஜன்னல் பாத்திரத்துக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் இருக்கட்டும். பணியாரக் குழி ஒவ்வொன்றிலும் பிறைபோல் ஒரு கீற்று விழும். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாக்கோல் அட்டையை நிறுத்தினால் விளிம்பு துலங்கும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள்.

டிரைபாட், ஐ.எஸ்.ஓ. (வெளிச்ச உணர்வின் அளவு) 100, லென்ஸ் திறப்பு எஃப் 8, இரண்டு விநாடி டைமர். ஷட்டர் அரை விநாடி திறந்திருந்தாலும் கவலை இல்லை, இரும்பு அசையப்போவதில்லை.

போலரைசர் ஃபில்டர் (லென்ஸின் முன்னால் மாட்டித் திருகும், பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி) பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உலோகப் பளபளப்பை அது குறைக்காது என்பார்கள். வெறும் இரும்புக்கு அது சரி, தேய்த்து வெளுத்த இடத்தில் ஃபில்டரைத் திருகினாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. ஆனால் எண்ணெய் பழகிய கல்லில் நீங்கள் பார்ப்பது இரும்பை அல்ல, அதன்மேல் இறுகிய எண்ணெய்ப் படலத்தை. அதன் பளபளப்பைப் போலரைசர் நன்றாகவே குறைக்கும், சாய்வாகப் பார்த்தால் மட்டும். நேர் மேலிருந்து எடுத்தால் பயனில்லை. ஒரே கல்லில் நடுவில் பழகியும் ஓரத்தில் தேய்ந்தும் இருந்தால், நடு அடங்கும், ஓரம் மின்னும். அது ஃபில்டரின் குறை அல்ல.

கனம் தெரிய வேண்டுமானால் கேமராவை மேசை மட்டத்துக்குத் தாழ்த்துங்கள். அடியில் விழும் நிழலை அழிக்காதீர்கள். சில புகைப்படப் போட்டிகளில் நிழலில்லாத வெள்ளைப் பின்னணி கேட்பதுண்டு. நிழலைத் துடைத்துவிட்டால் ஐந்து கிலோ சட்டியும் காகிதம்போல் மிதக்கும். இந்த விதியை எழுதியவர்கள் ஒரு சட்டியையாவது கையில் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். பழைய மரப்பலகைமேல் வைத்தே எடுங்கள்.

வேலை முடிந்ததும் பாத்திரத்தை அடுப்பில் லேசாகச் சூடாக்கி, ஈரம் போனபின் எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். மலைக்காற்றில் ஒரே இரவில் துரு பூத்துவிடும்.