வாசகர் கேள்விகள்: கதையில் வந்த எதிர்காலம்

கல்லூரி மாணவி, காட்பாடி: இயந்திரங்கள் ஒருநாள் மனிதரை அடக்கி ஆளும் என்று அஞ்சாதவர் எங்கள் விடுதியில் ஒருவர்கூட இல்லை. இந்த அச்சம் அறிவியலிலிருந்து வந்ததா, சினிமாவிலிருந்து வந்ததா?

சினிமாவுக்கும் முன்பு, நாடக மேடையிலிருந்து வந்தது. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக்கின் ‘ஆர்.யு.ஆர்.’ நாடகம் 1921இல் பிராக் நகரில் அரங்கேறியபோது, தொழிற்சாலையில் உற்பத்தி செய்யப்பட்ட வேலையாட்கள் கிளர்ந்தெழுந்து மனித இனத்தை அழிப்பதை மக்கள் கண்டார்கள். இன்று நாம் அறியும் கணினி அப்போது இல்லை. அந்த ரோபோக்கள் இரும்பால் ஆனவையும் அல்ல. வேதிமுறையில் உருவாக்கப்பட்ட உடலைக் கொண்டவை. கூலி கேட்காத உழைப்பைத் தேடும் முதலாளிகளைப் பற்றியே சாப்பெக் கவலைப்பட்டார். பின்னால் வந்தவர்களில் பலர் அந்தக் கவலையை விட்டுவிட்டுக் கிளர்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

மேடைக்கும் திரைக்கும் ஒரு வில்லன் தேவை. வில்லனுக்கு முகமும் குரலும் வசனமும் தேவை. அதனால்தான் கதைகளில் வரும் தொழில்நுட்ப ஆபத்து பெரும்பாலும் நம்மைப் போலவே நடக்கிறது, பேசுகிறது, பழிவாங்குகிறது. பழைய வட ஆர்க்காட்டின் அனுபவமோ வேறு. ஆவாரம் பட்டையில் வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்ட தோலைக் குரோமிய உப்பைக் கொண்டு மிக விரைவாகப் பதனிடலாம் என்ற முறை பரவியபோது, அது வேலைவாய்ப்பாகவும் ஏற்றுமதியாகவும்தான் ஊருக்குள் வந்தது. அதன் கழிவுநீர் பாலாற்றிலும் கிணறுகளிலும் இறங்கியது மெல்லத்தான் தெரிந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, தமிழகத்தின் தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதைப் பதிவு செய்கிறது. தன் செயலால் சுற்றுச்சூழலுக்குத் தீங்கு இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழிலை நடத்துபவருடையதே என்பதை உள்ளடக்கிய முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்ததும் அதே தீர்ப்புதான்.

ஆகவே, செயற்கை நுண்ணறிவு ஆயுதம் ஏந்தி வருமா என்ற கேள்வியை விடுதியில் சற்று ஒத்திவையுங்கள். வங்கிக் கடனுக்கோ வேலைக்கோ நீங்கள் அனுப்பிய விண்ணப்பத்தை ஒரு மென்பொருள் காரணம் சொல்லாமல் தள்ளிவிட்டால், அதில் பிழை இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவர் யார் என்று விவாதியுங்கள். இதை வைத்துப் படம் எடுத்தால் ஓடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வாசகர், குடியாத்தம்: புனைகதை படித்து யாராவது உண்மையிலேயே எதையாவது கண்டுபிடித்திருக்கிறார்களா? அல்லது எல்லாம் நடந்து முடிந்த பிறகு ‘அன்றே சொன்னார்’ என்று நாம் சேர்த்துக்கொள்கிறோமா?

இரண்டும் உண்டு, இரண்டாவதே அதிகம். முதல் வகைக்கு உறுதியான சான்று இயற்பியலாளர் லியோ சிலார்டு. எச்.ஜி. வெல்ஸ் 1914இல் வெளியிட்ட நாவல் ஒன்றில் அணுகுண்டுகள் நகரங்களை அழிக்கின்றன. அதை 1932இல் படித்த சிலார்டுக்கு, மறு ஆண்டு லண்டனில் இருந்தபோது அணுகுண்டுக்கு அடிப்படையான அணுக்கருத் தொடர்வினை (ஓர் அணுக்கருவின் வினை அடுத்தடுத்த அணுக்கருக்களைத் தூண்டிக்கொண்டே போவது) பற்றிய எண்ணம் தோன்றியது. 1934இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அவர், அது வெளியே தெரிந்தால் என்ன நேரும் என்பதை வெல்ஸைப் படித்து அறிந்திருந்ததால், 1936இல் அதைப் பிரிட்டிஷ் கடற்படைத் துறையிடம் ஒப்படைத்து இரகசியமாக்கினார். ஆனால் வெல்ஸ் கற்பனை செய்த குண்டு நாள்கணக்கில் வெடித்துக்கொண்டே இருக்கும்; உண்மைக் குண்டு அப்படி வேலை செய்வதில்லை. சிலார்டு அந்த நாவலிலிருந்து குண்டின் செய்முறையைப் பெறவில்லை, அதன் விளைவைப் பற்றிய அச்சத்தைத்தான் பெற்றார்.

தகவல்தொடர்புத் துணைக்கோளை முன்கூட்டிச் சொன்னவர் என்று அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கையும் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். அவர் 1945இல் எழுதியது கதை அன்று, தொழில்நுட்பக் கட்டுரை. எனவே நான் சேர்க்க மாட்டேன்.

வாசகி, வாணியம்பாடி: தமிழ்க் கதைகளும் இப்படித்தான் பயமுறுத்துகின்றனவா?

அந்த அளவுக்கு இல்லை. 1963இல் வெளிவந்த ‘கலை அரசி’ திரைப்படத்தில் வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு வருவது படையெடுப்பதற்காக அன்று. தங்கள் உலகத்தாருக்குக் கலையைக் கற்பிக்க ஒரு பெண்ணைக் கொண்டுபோவதற்காக. (கடத்தல் கடத்தல்தான், நோக்கம்தான் வேறு.) சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படித்துச் சிந்தித்து வாசகரின் அன்பைப் பெற்றுவிடுகிறது, அச்சம் தருவது அரசுதான். குடிமக்களின் பெயருக்கு எத்தனை எழுத்து, பிள்ளை பெற யாருக்கு அனுமதி என்பதையெல்லாம் அது தீர்மானிக்கிறது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கேற்றவர் என்பதாலோ என்னவோ, அவர் இயந்திரத்தைவிட அதைக் கையில் வைத்திருப்பவரையே அதிகம் சந்தேகித்தார். எனக்கு அது சரியான சந்தேகமாகப் படுகிறது.

ஆசிரியர், ஆலங்காயம்: காவலூர் வானாய்வகத்துக்குப் போகலாம் என்றாலே என் மாணவர்கள் ‘அங்கே ஏலியன் தெரியுமா?’ என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

தெரியாது என்று சொல்லுங்கள். ஆனால் கேள்வியைத் தடுக்க வேண்டாம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்தபோது, கோள் மறைக்காத நேரத்திலும் அந்த விண்மீனின் ஒளி எதிர்பாராமல் மங்கியதைக் காவலூரிலும் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது அன்றைய பதிவுகளால்தான். வளையத்தைப் படமாகப் பார்க்காமலே, ஒளி மங்குவதை வைத்து அறிந்தார்கள் என்பதை மாணவர்களுக்கு விளக்குங்கள். வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களில் பெரும்பாலானவற்றை இன்று கண்டுபிடிப்பதும், அவை தம் விண்மீனைக் கடக்கும்போது ஒளி சற்றே குறைவதைக் கொண்டுதான். ஏலியன் பேச்சை அங்கிருந்து அவர்களே தொடர்வார்கள்.