மக்காச்சோள விதைப்புக் கருவி: ஒரு சாலில் நெருக்கம், ஒரு சாலில் இடைவெளி ஏன்?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் கரிசல் மண். ஐந்து சால் (வரிசை) விதைக்கும் டிராக்டர் கருவியால் மக்காச்சோளமும் டி.ஏ.பி. உரமும் ஒன்றாகப் போட்டோம். 12 நாள் ஆகிறது. சில சால்களில் நெருக்கம், சில இடங்களில் வெறும் தரை. சில சால்களில் பயிர் ஊதா நிறமாக நிற்கிறது. அடுத்த பட்டத்துக்குக் காற்றழுத்த விதைப்பானுக்கு மாறலாமா?

பதில்: கருவியை மாற்றுவதற்கு முன் வயலில் ஒருமுறை நடந்து பாருங்கள். வெறும் தரை ஒரே சாலில் நீளமாக ஓடுகிறதா, அல்லது ஐந்து சாலிலும் ஒரே இடத்தில் குறுக்காக விழுந்திருக்கிறதா? ஒரே சால் என்றால் அந்தக் குழாயில் அல்லது மண்ணைக் கீறும் கொழுவில் மண் அடைத்திருக்கிறது. இல்லையேல் அந்தப் பெட்டியில் விதையை எடுத்துப் போடும் தட்டின் குழி விதையின் அளவுக்குப் பொருந்தவில்லை. குறுக்காக என்றால் விதைத் தட்டைச் சுழற்றும் தரைச் சக்கரம் அங்கே வழுக்கியிருக்கிறது. ஈரக் கரிசலில் சக்கரத்தில் மண் அப்பிக்கொண்டால் அது சுழலாமல் இழுபடும்; விதை, உரம் இரண்டுமே விழாது.

காற்றழுத்தக் கருவி விதையை ஒவ்வொன்றாகப் பிடித்துப் போடும், உண்மைதான். ஆனால் அதிலும் பெரும்பாலும் விதைத் தட்டைச் சுழற்றுவது தரைச் சக்கரமே. வழுக்கலும் அடைப்பும் அதற்கும் உண்டு. அவ்வளவு பணம் போடும் முன் இருக்கிற கருவியை அளந்து பார்ப்பதே என் யோசனை.

கருவியைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு குழாயின் கீழும் ஒரு பை கட்டுங்கள். தரைச் சக்கரத்தின் சுற்றளவு ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 சுற்று சுற்றினால் 30 மீட்டர். 60 செ.மீ. இடைவெளியில் ஐந்து சால் என்றால் அகலம் 3 மீட்டர். பரப்பு 90 சதுர மீட்டர், ஏக்கரில் 45இல் ஒரு பங்கு. ஏக்கருக்கு 8 கிலோ விதை, 50 கிலோ டி.ஏ.பி. என்றால் ஒவ்வொரு விதைக் குழாயின் பையிலும் ஏறக்குறைய 36 கிராம் விதையும், ஒவ்வொரு உரக் குழாயின் பையிலும் 220 கிராம் உரமும் விழ வேண்டும். மொத்த எடை சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பையில் 50 கிராமும் இன்னொன்றில் 20 கிராமும் விழுந்தாலும் மொத்தம் சரியாகவே காட்டும், ஏமாற்றம் அங்கேதான். சக்கரம் கொஞ்சம் வழுக்கவே செய்யும் என்பதால், வயலில் 30 மீட்டர் ஓட்டியும் ஒருமுறை எடை பாருங்கள்.

வேகம் மணிக்கு 3 முதல் 4 கிலோமீட்டரைத் தாண்டினால் தட்டுக் குழி நிரம்பாது. வாடகை டிராக்டர் ஓட்டுநருக்கு இது பிடிக்காது. முன்பே பேசி வையுங்கள். மருந்து பூசிய விதையை நிழலில் நன்றாக உலர்த்திய பிறகே பெட்டியில் கொட்டுங்கள். உரத்தைக் கட்டியில்லாமல் சலியுங்கள். யூரியாவை டி.ஏ.பி.யோடு கலந்து வைத்தால் ஈரம் இழுத்துக் குழைந்துவிடும். அன்றைய வேலை முடிந்ததும் உரப் பெட்டியைக் காலி செய்து கழுவுங்கள். நின்ற இடத்தில் கருவியை இறக்கவோ, இறக்கியபடி பின்னால் எடுக்கவோ கூடாது. கொழு வாயில் மண் புகுவது பெரும்பாலும் அப்போதுதான். உரம் விதைக்கு 5 செ.மீ. பக்கவாட்டிலும் அதற்குக் கீழேயும் விழட்டும். விதையைத் தொட்டால் முளை கருகும்.

இப்போதைய பயிருக்கு வருவோம். 12 நாளுக்குப் பிறகு வெற்றிடத்தில் விதை ஊன்றி நிரப்பினால் புதுச்செடி மூத்த செடியின் நிழலில் கிடந்து கதிர் பிடிக்காது, விட்டுவிடுங்கள். நெருக்கமான இடத்தில் குத்துக்கு ஒரு செடி விட்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள். ஊதாச் சால்களில் டி.ஏ.பி. தரும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) எட்டவில்லை என்று தோன்றுகிறது. அந்தச் சால்களின் உரக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். அடைத்திருந்தால் அந்தச் சால்களுக்கு மட்டும் செடியிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிக் கோடு கீறி, டி.ஏ.பி. இட்டு, மண்ணால் மூடுங்கள்.